ஒரு கிராம் மெழுகு, இரண்டு சவரன் தங்கம்

போன மாதம் தங்கை மகன் ஒரு மோதிரத்தைக் கொண்டுவந்து என் பட்டறை மேஜையில் வைத்தான். பச்சை மெழுகில் அவனே அரம் போட்டு, சுரண்டி, செதுக்கியது. இரண்டு தோளிலும் தாமரை இதழ், நடுவில் சின்னக் கல்லுக்கு இடம். முதல் உருப்படி என்று சொன்னால் நம்ப முடியாது. "எப்படி இருக்கு மாமா?" என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் தராசில் வைத்தேன். 0.90 கிராம். 18ஆல் பெருக்கினேன். 16.2 கிராம். இரண்டு சவரனைத் தாண்டிவிட்டது. அவன் நண்பன் நிச்சயதார்த்தத்துக்குக் கேட்டிருந்தது ஒரு சவரனுக்குள்.

பையன் முகம் சுருங்கிப்போனது. ஆனால் இதை மெழுகிலேயே தெரிந்துகொண்டது நல்லது. தங்கமாக ஊற்றிய பிறகு தெரிந்திருந்தால், அதை அரத்தால் ராவித்தான் குறைக்க வேண்டும். ராவிய பொடியை உருக்கி எடுக்கலாம்தான், ஆனால் போகிற சேதாரம் போனதுதான்.

அந்த 18 எங்கிருந்து வந்தது என்று கேட்டான். மெழுகு தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு. 22 கேரட் தங்கம் தண்ணீரைவிடப் பதினேழரை மடங்குக்கு மேல் கனம். மெழுகைச் சுற்றி ஜிப்சம் அச்சு கட்டி, சூளையில் மெழுகை உருக்கி ஓட்டிவிடுவோம்; மெழுகு இருந்த இடத்தில்தான் தங்கம் போய் உட்காரப் போகிறது, அதனால் மெழுகின் எடையைப் பெருக்கினால் தங்கத்தின் எடை வந்துவிடும். கொஞ்சம் கூட்டியே பார்ப்பது என் வழக்கம்: 22 கேரட்டுக்கு 18, 18 கேரட்டுக்கு 16, 92.5 வெள்ளிக்கு 11. இது புதுக் கணக்கும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வந்த மானசோல்லாசம், மெழுகு வார்ப்பைச் சொல்லும் இடத்தில், மெழுகைப் போல வெள்ளி பன்னிரண்டு மடங்கு, தங்கம் பதினாறு மடங்கு எடுக்கச் சொல்கிறது. தராசு மாறியிருக்கிறதே தவிர கணக்கு மாறவில்லை.

"சரி, அப்போ நான் கையால செய்யறதா, பிரின்ட் எடுக்கறதா, ரப்பர் டை போடறதா?" கையால் செதுக்குவதா, கணினியில் வரைந்து 3டி பிரின்ட் எடுப்பதா, ரப்பர் அச்சில் மெழுகை விட்டு எடுப்பதா, இதுதான் அவன் அடுத்த கேள்வி. சென்னையில் புதிதாக வெள்ளி, தங்க நகை வேலையில் இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி. பெரும்பாலும் எது சுலபம், எது மலிவு என்றுதான் ஒப்பிடுவார்கள். நான் ஒப்பிடுவது எடையை வைத்து. எந்த வழியில் எடை யார் கையில் இருக்கிறது, எந்த இடத்தில் கைமீறிப் போகிறது என்று பார்த்தால் மற்ற பதில்கள் தானாக வந்துவிடும்.

முதலில் கைவேலை. செதுக்குகிற மெழுகு பொதுவாகப் பச்சை, ஊதா, நீலம் என்று மூன்று நிறத்தில் வரும். நிறம் அழகுக்கு இல்லை, கடினத்துக்கு அடையாளம். பச்சை ரொம்பக் கடினம்; கூரான விளிம்பும் மெல்லிய கோடும் நிற்கும், ஆனால் கை தவறினால் சில்லாகப் பெயர்ந்துவிடும். நீலம் வளைந்துகொடுக்கும். ஊதா இரண்டுக்கும் நடுவில். கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் ஊதாவைத்தான் கொடுப்பேன். தங்கை மகன் வீடியோ பார்த்துப் பச்சையை வாங்கியிருந்தான். மோதிரத்துக்கு ஓட்டை போட்ட குழாயாகவே கிடைக்கும், வேண்டிய அகலத்துக்கு அறுத்துக்கொள்ளலாம்.

கைவேலையில் எடை முழுக்க முழுக்க உங்கள் கையில். அதுதான் அதன் பலமும் சிக்கலும். மெழுகு பார்வைக்கு லேசாக இருப்பதால் கை தாராளமாகிவிடுகிறது. வெளிப்பக்கத்து வேலை முடிந்ததும் உருப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் பாதி வேலை உள்பக்கம்தான். விரலைத் தொடுகிற பக்கத்தைக் குடைந்து எடுக்க வேண்டும், விளிம்பில் மட்டும் கனம் விட்டுவிட்டு. எவ்வளவு குடையலாம் என்பதற்குத் தடிமன் அளக்கிற டயல் கேஜ் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பல்பு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாலே போதும், மெல்லிய இடம் வெளிறித் தெரியும். பழகிய கண்ணுக்கு அந்த வெளிறல் கேஜ் காட்டுகிற எண் மாதிரி. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போகும்போது மெதுவாகப் போக வேண்டும். வார்த்த பிறகு அரம், எமரி, பாலிஷ் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடும், அதற்கும் இடம் விட வேண்டும்.

கையால் செதுக்கியது ஒன்றே ஒன்றுதான். சூளையில் மெழுகு உருகிப் போய்விடும். தங்கம் பாதியில் உறைந்து நின்றாலோ, உள்ளே குமிழ் விழுந்தாலோ ஒரு வார வேலை புகையோடு போயிற்று. எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகள் இருக்கிற கூடத்துக்குப் போனால் திருவாலங்காட்டு நடராசரை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அதுவும் முதலில் மெழுகாக இருந்ததுதான். மெழுகைச் சுற்றி அப்பிய களிமண் அச்சை உடைத்துத்தான் வெளியே எடுத்திருப்பார்கள், அதனால் அதே அச்சில் இன்னொன்று கிடையாது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகில் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து அந்த வழியில்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று போதும். கடை போடுகிறவனுக்குப் போதாது.

அடுத்தது கணினியில் வரைந்து பிரின்ட் எடுப்பது. இன்றைக்குப் பையன்கள் எல்லாரும் முதலில் போகிற வழி. சவுகார்பேட்டைப் பக்கம் சந்துக்குள் நுழைந்தால் கேட் (CAD, கணினி வரைபடம்) போடுகிறவர்கள், பிரின்ட் எடுத்துத் தருகிறவர்கள், வார்த்துத் தருகிறவர்கள் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். எடை விஷயத்தில் இதற்கு ஒரு பெரிய சௌகரியம்: திரையிலேயே எடை தெரியும். 22 கேரட்டில் எவ்வளவு, வெள்ளியில் எவ்வளவு என்று வரைந்து முடிப்பதற்குள் காட்டிவிடும். உள்பக்கம் குடைய வேண்டுமென்றால் இரண்டு கட்டளை. இடது காதும் வலது காதும் அச்சு அசலாக வரும். கல் பதிக்கிற குழி வரிசையாக, ஒரே அளவில் நிற்கும். நாற்பது சின்னக் கல் பதிக்கிற பென்டன்ட்டைக் கையால் செதுக்குகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வணங்குவேன், வேலையைக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் திரை ஏமாற்றும். பெரிதாக்கிப் பார்க்கும்போது கல்லைப் பிடிக்கிற 0.5 மில்லிமீட்டர் நகக்கால் கோவில் தூண் மாதிரி தெரியும். கையில் வந்தால் முடி. அதைப் பிடித்துக் கல்லை அமுக்கினால் ஒடியும். எடையைக் குறைக்கிறேன் என்று எல்லாவற்றையும் மெலிய வைத்துவிட்டு, உலோகம் முழுதாக நிரம்பாமல் உருப்படி வந்ததும் வார்க்கிறவரைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பிரின்டர் அடுக்கு அடுக்காகத்தான் கட்டும். வளைவான இடத்தில் உற்றுப் பார்த்தால் படிக்கட்டு. அந்தப் படியைத் தேய்த்து எடுப்பதும் தங்கத்தைத் தேய்ப்பதுதான். வெளிப்பக்கம் தேய்த்துவிடலாம், இதழுக்கு இடுக்கில் எந்தப் பிரஷ் போகும்?

பிரின்டிலும் இரண்டு ஜாதி. ஒன்று நிஜ மெழுகாகவே வருவது. தாங்கி நிற்கிற மெழுகு தனி, அதைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். வழவழப்பாக வரும், சூளையில் மெழுகு மாதிரியே உருகி ஓடும், ஆனால் விரலில் அழுத்தினாலே ஒடியும். இன்னொன்று ரெசின், ஒரு வகைப் பிளாஸ்டிக். கொஞ்சம் உறுதி. விலையும் சாதகம். ஆனால் ரெசின் உருகாது, எரியத்தான் செய்யும். எரிவதற்கு முன் உப்பும். அந்த உப்பலில் சுற்றியிருக்கிற ஜிப்சம் அச்சு விரிசல் விடலாம். சாம்பல் மிஞ்சினால் அது தங்கத்தின் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகப் பதியும். அதனால் ரெசினுக்குச் சூட்டை ஏற்றுகிற விதமே தனி. உச்சியில், அதாவது 730 டிகிரி பக்கத்தில், கூடுதல் நேரம் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தாராளமாகப் போகவும் முடியாது, ஜிப்சம் சிதைந்து கந்தக வாயு விட ஆரம்பித்துவிடும்.

இதை நான் பாடத்தில் படிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் நாலு ரெசின் தோடுகளை மெழுகு பீஸ்களோடு ஒரே டப்பாவில் போட்டு ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன். எது ரெசின் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மரத்தில், அதாவது பீஸ்களைக் கிளை மாதிரி ஒட்டுகிற மெழுகுத் தண்டில், ஒட்டி, மெழுகுக்கு வைக்கிற சூட்டில் வைத்துவிட்டார்கள். மெழுகு பீஸ் எல்லாம் கண்ணாடி மாதிரி வந்தது. தோடு நாலும் முறுக்கு மாதிரி வந்தது. அன்றிலிருந்து டப்பாவின் மேல் 'ரெசின்' என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் அனுப்புகிறேன்.

எடைக் கணக்கிலும் ரெசின் ஒரு தவறு செய்ய வைக்கும். அது தண்ணீரைவிடக் கனம். ரெசின் பீஸைத் தராசில் வைத்து 18ஆல் பெருக்கினால் தங்கம் அதிகமாகக் காட்டும், பயந்துபோய் இன்னும் மெலிய வைத்துவிடுவீர்கள். ரெசினைத் தராசில் வைக்கவே வேண்டாம். கேட் போட்டவரிடம் கன அளவு கேட்டு வாங்கி, உலோகத்தின் அடர்த்தியால் பெருக்குங்கள்.

மூன்றாவது ரப்பர் டை. பழைய முறை என்று பையன்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வார்ப்பில் செய்த மோதிரம், தோடு எதைப் பார்த்தாலும், ஒரே டிசைன் வரிசையாக இருந்தால், அதற்குப் பின்னால் ஒரு ரப்பர் டை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முதலில் உலோகத்தில் ஒரு மாஸ்டர், அதாவது மூல உருப்படி, வேண்டும், பெரும்பாலும் வெள்ளி. அதை ரப்பர் துண்டுகளுக்கு நடுவில் அடுக்கி, அலுமினியச் சட்டத்தில் வைத்து, 150 டிகிரி பக்கத்தில் அமுக்கி வேகவைப்பார்கள். ரப்பரில் கந்தகம் இருப்பதால் வெறும் வெள்ளி கறுத்துப்போகும், அதனால் மாஸ்டருக்கு ரோடியமோ நிக்கலோ முலாம் பூசுவது நல்லது. வெந்த ரப்பர் கட்டியைக் கத்தியால் இரண்டாகக் கீறி மாஸ்டரை எடுக்க வேண்டும். நேராகக் கீறக் கூடாது, அலை அலையாகக் கீறினால்தான் இரண்டு பாதியும் திரும்ப ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். எங்கே கீறுகிறோமோ அங்கே ஒவ்வொரு பீஸிலும் ஒரு தையல் கோடு விழும். டை வெட்டத் தெரிந்தவர் அந்தக் கோட்டை வேலைப்பாடு இல்லாத விளிம்பில் கொண்டுபோய் விடுவார். தெரியாதவர் தாமரை இதழின் நடுவில் விட்டுவிடுவார். நூறு பீஸிலும் நூறு தடவை அதை ராவ வேண்டும். டைக்குக் கொடுக்கிற கூலியில் பேரம் பேசாதே என்று தங்கை மகனிடம் சொன்னது இதனால்தான்.

டை கிடைத்துவிட்டால் அப்புறம் வேகம். 70 டிகிரி பக்கம் உருகிய மெழுகைக் கொஞ்சம் காற்றழுத்தத்தில் உள்ளே விட்டு, ஒரு நிமிடம் ஆறவிட்டு எடுக்கலாம். உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முப்பது, நாற்பது பீஸ். கல்லை மெழுகிலேயே பதித்து அப்படியே வார்ப்பதற்கும் இந்த மெழுகுதான் தோது. அமெரிக்கன் டைமண்ட் தாங்கும், முத்தோ மரகதமோ தாங்காது.

எடை கைமீறுகிற இடமும் இதுதான். டையைக் கையால் அமுக்கிப் பிடிக்கிறோம். ஒரு தடவை இறுக்கமாக, ஒரு தடவை தளர்வாக. காற்றழுத்தம் கொஞ்சம் கூடினால் ரப்பர் உள்ளே உப்பும், ஓரத்தில் சவ்வு விடும். பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். தராசில் வைத்தால் 0.44, 0.46, 0.49. இந்த 0.05 வித்தியாசம் வெள்ளியில் அரை கிராம், போனால் போகட்டும். 22 கேரட்டில் 0.9 கிராம். மரம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பீஸையும் எடை போட்டு, தேறாததைத் திரும்ப உருக்கும் பானையில் போட்டுவிட வேண்டும். மெழுகு எத்தனை தடவை வீணானாலும் கவலையில்லை. சோம்பல்பட்டு நாலு பீஸை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட அரை சவரன் அங்கேயே கரைந்துவிடும்.

சுருக்கமும் உண்டு. ரப்பர் சுருங்கும், மெழுகு சுருங்கும், கடைசியில் உலோகமும் சுருங்கும். எல்லாம் சேர்த்து 3 சதவீதம் என்று வைத்தாலும், நம் ஊர் 14 நம்பர் மோதிரத்தின் உள்சுற்றளவு 54 மில்லிமீட்டர், அதில் 1.6 மில்லிமீட்டர் போய்விடும். நம் அளவில் ஒரு நம்பருக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆக ஒன்றரை நம்பர் சின்னதாக வரும். மாஸ்டரையே பெரிதாகச் செய்ய வேண்டும். கேட் போட்டு மாஸ்டர் எடுப்பதன் உண்மையான சௌகரியம் இங்கேதான்: எவ்வளவு சுருங்கும் என்று உங்கள் டை ஆளிடம் கேட்டுக்கொண்டு, வரைபடத்தையே அவ்வளவு பெருக்கிவிடலாம்.

சென்னைக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். செதுக்குகிற மெழுகு நூறு டிகிரிக்கு மேல்தான் உருகும், அதற்கு நம் வெயில் பொருட்டில்லை. டையில் எடுக்கிற மெழுகு அப்படி இல்லை. ஒரு சித்திரையில் இருபது மோதிர பீஸ்களை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு கிளம்பி, வால்டாக்ஸ் ரோட்டில் சரக்கு வண்டிகளுக்கு நடுவில் முக்கால் மணி நேரம் நின்றேன். போய்த் திறந்தால் எல்லா மோதிரமும் முட்டை வடிவம். அதிலிருந்து வெயில் காலத்தில் காலை எட்டு மணிக்குள், தெர்மாகோல் பெட்டியில்தான். ரெசின் பீஸுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதை வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை யாரும் முதலில் யோசிப்பதில்லை. டை யாரிடம் இருக்கும்? ஃபைல் யாரிடம் இருக்கும்? என் ஜிமிக்கித் தோடு ஒன்று, நான் டை போடக் கொடுத்த மூன்றாம் மாதம், வேறொரு கடைக் கண்ணாடியில் தொங்கியது. சண்டை போட்டுப் பலனில்லை. இப்போதெல்லாம் டையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், பீஸ் எடுக்க வேண்டிய அன்று கொண்டுபோய், எடுத்ததும் கையோடு திரும்பக் கொண்டுவருகிறேன். ரப்பரைக் கொண்டுவந்துவிடலாம். ஃபைல் ஒருதடவை வெளியே போனால் போனதுதான். கையால் செதுக்கியதற்கு இந்தப் பயம் அறவே இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தங்கை மகன், "அப்போ எதுதான் மாமா?" என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்தான்.

அவன் போட நினைத்திருப்பது வெள்ளித் தோடு மூன்று டிசைன், ஒவ்வொன்றும் மாதம் நாற்பது, ஐம்பது ஜோடி. அதற்கு நான் சொன்னது: கேட் போடு, பிரின்ட் எடு, ஆனால் பிரின்டை நேராக விற்கிற நகையாக வார்க்காதே. வெள்ளியில் ஒரே ஒரு மாஸ்டர் வார்த்து, படிக்கட்டையெல்லாம் அதில் ஒருதடவை உட்கார்ந்து தேய்த்துவிடு. தேய்த்த மாஸ்டரை டை போடு. பிரின்டுக்குப் பல இடங்களில் கிராம் கணக்கில் காசு. ஐம்பது ஜோடிக்கும் பிரின்ட் எடுத்தால் ஐம்பது தடவை காசு கொடுத்து, ஐம்பது தடவை படிக்கட்டைத் தேய்க்க வேண்டும். மிஷின் எதையும் இப்போது வாங்காதே. சூளையை ராத்திரி முழுக்க எரியவிட வேண்டும். வாடகை வீட்டு மாடியில் அது நடக்காது, வார்க்கிறவர்கள் வார்க்கட்டும். மாஸ்டர், டை, தராசு மூன்றும் உன்னிடம் இருந்தால் போதும்.

இரண்டாவது ஒன்றும் சொன்னேன், அவனுக்குப் பிடிக்கவில்லை. மூன்று டிசைனில் ஒன்றை வார்க்கவே வேண்டாம் என்றேன். வெறும் வளையமும் மெல்லிய இலையும். தகட்டில் வெட்டிக் கம்பி பற்றவைத்தால் வார்ப்பைவிடப் பாதி எடையில் முடிந்துவிடும். மெழுகு கற்றுக்கொண்ட புதிதில் எல்லாவற்றையும் மெழுகிலேயே செய்யத் தோன்றும், எனக்கும் தோன்றியது.

நிச்சயதார்த்த மோதிரம் வேறு கதை. ஒன்றே ஒன்று, நண்பனுக்கு, தாமரை இதழ் அவன் கையால் வந்தது. அதை ஸ்கேன் எடுத்துக் கணினியில் ஏற்றலாமா என்றான். வேண்டாம், கையிலேயே முடி என்றேன். வார்ப்பு தவறினால் என்ன செய்வது என்ற பயத்துக்கு ஒரு வழி உண்டு. வேகவைக்கத் தேவையில்லாத சிலிக்கான் ரப்பரைக் கலந்து, சூடு காட்டாமலே மெழுகு மேல் ஊற்றி ஒரு டை எடுத்துவிடலாம். மெழுகுக்கு ஒன்றும் ஆகாது, சுருக்கமும் அநேகமாக இல்லை. தங்கம் தவறிப்போனாலும் இதழ் தவறாது.

அதற்கு முன் குடைய வேண்டும். ஒரு சவரன் என்றால் 8 கிராம், 18ஆல் வகுத்தால் 0.44. மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு சுரண்டியோடு உட்கார்ந்தான். பச்சைத் தூள் சட்டை முழுக்க. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் தராசு. 0.81. 0.70. 0.62. சாயங்காலம் காப்பி வரும்போது 0.51. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். அடித்தண்டு முழுக்க வெளிறிவிட்டது, தோள்பட்டைக்கு உள்ளே மட்டும் இரண்டு பக்கமும் இன்னும் கருப்பச்சையாகத் தெரிந்தது. அந்த 0.07 அங்கேதான் இருக்கிறது என்று விரலால் காட்டினேன்.